பிட்புல் குட்டியை வளர்ப்பது எப்படி: முதல் நாளிலிருந்து இரண்டு வயது வரை

பிட்புல் வளர்ப்பில் முதல் பாடம் வாய்க்குத்தான். பிரிட்டனில் காளைகளோடு மோதவிடுவதற்காகவே நாய்களை வளர்த்தார்கள். 1835-ல் அது தடை செய்யப்பட்டதும், குழிக்குள் நாயோடு நாயை மோதவிட்டார்கள். பிடித்தால் விடாத நாய்களை மட்டும் பொறுக்கிப் பொறுக்கி இனம் பெருக்கியதில் உருவான வம்சம் இது. அமெரிக்காவுக்குப் போய், 1898-ல் யுனைடெட் கென்னல் கிளப்பின் பதிவேட்டில் அமெரிக்கன் பிட்புல் டெரியர் என்ற பெயரோடு ஏறியது. இன்று உங்கள் மடியில் தூங்கும் எட்டு வாரக் குட்டிக்கும் அந்தப் பிடிவாதம் பிறவியிலேயே இருக்கிறது. மனிதரை விட்டுப் பிரியாத பாசமும் அதே அளவுக்கு இருக்கிறது. பிடித்ததை மகிழ்ச்சியாக விடக் கற்ற பிட்புல்லோடு நிம்மதியாகக் குடித்தனம் நடத்தலாம். அதைக் கற்காத நாய் 25 கிலோ எடைக்கு வந்த பிறகு யாருக்கும் நிம்மதி இருக்காது.

பணம் கொடுப்பதற்கு முன்

முதலில் உங்கள் மாநகராட்சியிலோ நகராட்சியிலோ விசாரியுங்கள். பிட்புல் உட்பட 23 இனங்களுக்கு உரிமம் தரக் கூடாது என்று 2024 மார்ச் 12 அன்று மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது. அடுத்த மாதமே கர்நாடக, டெல்லி உயர் நீதிமன்றங்கள் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தன. அத்தோடு பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளாட்சிகளின் விதி தனி. காஜியாபாத் மாநகராட்சி 2022-லேயே பிட்புல், ராட்வைலர், டோகோ அர்ஜென்டினோ மூன்றுக்கும் தடை போட்டது. சென்னை போன்ற ஊர்களிலும் கெடுபிடி கூடிக்கொண்டே வருகிறது. உரிமம் கிடைக்குமா என்பது உறுதியாகத் தெரியாமல் முன்பணம் கட்டக் கூடாது. குட்டி ஏற்கெனவே வீட்டுக்கு வந்துவிட்டது என்றால் மைக்ரோசிப் (தோலுக்கடியில் பொருத்தும் அடையாளச் சில்லு), ரேபிஸ் தடுப்பூசி, பதிவு ஆகிய மூன்றுக்கும் உடனே ஏற்பாடு செய்யுங்கள்.

அடுத்து உங்களையே நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டியவை சில. வீட்டில் தவழும் குழந்தை இருக்கிறதா? வேறொரு நாய், அதிலும் அதே பாலின நாய் இருக்கிறதா? பகல் முழுக்க வீடு பூட்டிக் கிடக்கிறதா? இவற்றில் ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் இப்போதைக்கு வேண்டாம் என்றே சொல்வோம். காவலுக்காக வாங்குவதாக இருந்தாலும் வேண்டாம். நன்றாக வளர்ந்த பிட்புல் புதியவரைப் பார்த்து வாலாட்டும். அதைக் காவல் நாயாக்குகிறேன் என்று மனிதர்மேல் ஏவிப் பழக்குவதுதான் இந்த இனத்தில் நடக்கும் மிகப் பெரிய தவறு. காவலுக்கு நம் ராஜபாளையமும் கோம்பையும் இருக்கின்றன.

வாங்கும் இடத்தில் தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள். தாய் புதியவரைக் கண்டு பதுங்கினாலோ சீறினாலோ திரும்பி வந்துவிடுங்கள். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்பது 2017-ம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளுக்கு விரோதம். தாயிடமிருந்து சீக்கிரம் பிரித்த குட்டிக்குக் கடியின் அளவு தெரியாது. கூடப் பிறந்ததை அழுத்திக் கடித்தால் அது வீலென்று கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும் என்ற அனுபவம் ஐந்தாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரத்துக்குள் கிடைப்பது.

‘ரெட் நோஸ்’, ‘ப்ளூ நோஸ்’ என்று கூடுதல் விலை சொல்வார்கள். அது நிறம், அவ்வளவுதான். ‘வளர்ந்தால் 45 கிலோ வரும்’ என்பதும் விற்பனைப் பேச்சு. தரமான அமெரிக்கன் பிட்புல் டெரியர் ஏறக்குறைய 14 முதல் 27 கிலோவுக்குள்தான் இருக்கும். காதை வெட்டிக் கூராக்கித் தருகிறேன் என்பவரிடம் எதையும் வாங்காதீர்கள். அது வதை. அதோடு, நாயின் மனநிலையை நீங்களும் மற்ற நாய்களும் படித்துக்கொள்வது காதின் அசைவை வைத்துத்தான்.

வீட்டில் செய்ய வேண்டியவை

சுற்றுச்சுவர் ஆறடியாவது வேண்டும். பிட்புல் குதிக்கும், ஏறும், தோண்டும். கேட்டின் அடி இடைவெளியையும் கம்பிகளுக்கு நடுவே உள்ள இடுக்கையும் வலைக் கம்பியால் அடையுங்கள். வாசலுக்கும் வீட்டுக்கும் நடுவே இன்னொரு தடுப்பு இருக்கட்டும். பால்காரர் மணியடித்ததும் குழந்தை ஓடிப்போய்க் கதவைத் திறக்க, நாய் இடுக்கில் நுழைந்து தெருவுக்குப் பாய்வது நொடியில் நடந்துவிடும்.

சங்கிலியில் கட்டி வளர்க்காதீர்கள். கட்டிப்போட்ட நாய்க்கு எதையும் விட்டு விலகிப் போக வழியில்லாததால் எல்லாவற்றையும் எதிர்க்கப் பழகும். கட்டுக்குப் பதிலாக 36 முதல் 42 அங்குல நீளமுள்ள கம்பிக் கூண்டு வாங்கி, குட்டியாக இருக்கும்வரை உள்ளே ஒரு பலகையால் பாதியாகத் தடுத்துக்கொள்ளுங்கள். இடம் அதிகமாக இருந்தால் ஒரு மூலையில் சிறுநீர் கழித்துவிட்டு மறுமூலையில் படுத்துக்கொள்ளும். கூண்டில் சாப்பாடு வைப்பது, கடிபொம்மை தருவது, கதவைத் திறந்தே வைத்திருப்பது என்று மூன்று நாள் போன பிறகு சில நிமிடங்கள் மூடிப் பாருங்கள். தண்டனையாக ஒருமுறைகூட அதில் அடைக்கக் கூடாது.

முதல் பத்து நாள்

தூங்கி எழுந்ததும், சாப்பிட்டு முடித்த 10-15 நிமிடத்திலும், விளையாடி ஓய்ந்ததும் சிறுநீர் கழிக்கும் இடத்துக்குத் தூக்கிப் போங்கள். ஒரே இடம், ஒரே சொல். போன உடனே, அதே இடத்தில், ஒரு துண்டு கோழிக்கறி. வீட்டுக்குள் திரும்பி வந்து கொடுத்தால், உள்ளே வந்ததற்குக் கிடைத்த பரிசு என்றுதான் குட்டி நினைக்கும். இரண்டு மாதக் குட்டியால் மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. எனவே இரவில் ஒருமுறையாவது நீங்கள் எழுந்தாக வேண்டும். தவறிப் போய்விட்டால் மூக்கைத் தேய்ப்பது, அடிப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியாமல் கட்டிலுக்கு அடியில் போகத்தான் கற்றுக்கொடுக்கும்.

இந்த வயதில் குட்டி ஒரு நாளில் 18 முதல் 20 மணி நேரம் தூங்க வேண்டும். சாயங்காலம் கண் சொருகி, அங்குமிங்கும் தெறித்து ஓடி, கணுக்காலைக் கடிக்கிறது என்றால் அது சேட்டையில்லை, தூக்கக் கலக்கம். கூண்டில் விட்டு விளக்கை அணையுங்கள். ஐந்து நிமிடத்தில் அடங்கிவிடும்.

கட்டளைச் சொற்களை ஒரு தாளில் எழுதிக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டுங்கள். அப்பா ‘சிட்’ என்பார், பாட்டி ‘உக்காரு’ என்பார், தம்பி ‘டௌன்’ என்பான். குட்டிக்கு மூன்றும் வெறும் சத்தமாகிவிடும். ‘வா’, ‘உக்காரு’, ‘விடு’, ‘எடு’, ‘இரு’ ஆகிய ஐந்து போதும்.

வாய்க்குப் பாடம்

விளையாடும்போது பல் தோலில் பட்டால் கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள். இழுத்தால் அது இரையாகிவிடும், இன்னும் பாயும். கையை அப்படியே தளர்த்துங்கள், விளையாட்டை நிறுத்துங்கள், எழுந்து தடுப்புக்கு அப்பால் போய் 20 வினாடி நில்லுங்கள். பிறகு ஒன்றும் நடக்காததுபோலத் திரும்பி வந்து கடிபொம்மையை நீட்டுங்கள். ஒரு நாளில் முப்பது முறைகூட இப்படி எழுந்துபோக வேண்டியிருக்கும். வீட்டில் ஒருவர் மட்டும் ‘பரவாயில்லை, குட்டிதானே’ என்று கையைக் கொடுத்துக்கொண்டிருந்தால் மற்றவர் உழைப்பெல்லாம் வீண்.

அடுத்தது ‘விடு’. கயிறு இழுக்கும் விளையாட்டு நாயை முரடாக்கும் என்று பலர் அதைத் தவிர்க்கிறார்கள். இந்த இனத்துக்கு அதைவிட நல்ல பாடக் கருவி இல்லை என்பது எங்கள் துணிபு. பழைய பருத்தித் துண்டு ஒன்றில் இரண்டு முடிச்சு போட்டுக்கொள்ளுங்கள். பட்டாணி அளவில் வெட்டிய வேகவைத்த கோழி இருபது துண்டு வேண்டும், உப்பு போடாதது.

குட்டி ஒரு முனையைக் கவ்வியதும் ஐந்தாறு வினாடி இழுத்து விளையாடுங்கள். பிறகு துண்டு பிடித்த கையைத் தொடையோடு ஒட்டி அசையாமல் வையுங்கள். துண்டு உயிரில்லாமல் போய்விடும். குட்டி ஓரிரு முறை தலையை உதறிப் பார்க்கும், உறுமும். அதன் மூக்குக்கு நேரே கோழித் துண்டைக் கொண்டுபோங்கள். மூக்கு துடிக்கும், தாடை மெல்லத் தளரும். தளரும் அந்தக் கணத்தில் ‘விடு’ என்று அமைதியாகச் சொல்லுங்கள். வாய் திறந்ததும் கோழி. அது விழுங்கி முடித்ததும் துண்டை மறுபடி நீட்டி ‘எடு’ என்று விளையாட்டைத் தொடருங்கள்.

இப்படித் திருப்பிக் கொடுப்பதில்தான் பாடமே இருக்கிறது. விட்டால் இழப்பில்லை, விட்டதால் கறியும் கிடைத்தது, துண்டும் திரும்பி வந்தது என்பது குட்டியின் மண்டையில் ஏற வேண்டும். ஒரு தடவைக்கு இரண்டு நிமிடம், நாளைக்கு இரண்டு தடவை. நான்கைந்து நாள் கழித்துச் சொல்லை முன்னால் சொல்லிவிட்டு இரண்டு எண்ணும்வரை பொறுத்துப் பிறகு கோழியைக் காட்டுங்கள். இரண்டாவது வார முடிவில் கோழி இடுப்புப் பையிலேயே இருக்கலாம். அப்புறம் செருப்பு, அதற்குப் பிறகு தோல் எலும்பு என்று படிப்படியாகப் போக வேண்டும். எடுத்த எடுப்பில் எலும்பில் சோதித்துப் பார்த்தால் தோற்பீர்கள். தாடையை விரலால் நெம்பித் திறப்பதும், எதையோ கவ்விக்கொண்டு ஓடுவதைத் துரத்துவதும் ‘இறுக்கிப் பிடி’ என்ற எதிர்ப்பாடத்தைத்தான் கற்பிக்கும்.

சாப்பாட்டுத் தட்டிலும் இதே முறைதான். தின்றுகொண்டிருக்கும்போது தட்டைப் பிடுங்கி ‘யார் எஜமான்’ என்று காட்டச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். கேட்காதீர்கள். தட்டைக் கடந்து போகும்போதெல்லாம் இன்னும் நல்ல துண்டு ஒன்றை அதில் போட்டுவிட்டுப் போங்கள். மனிதக் கை தட்டருகே வந்தால் நல்லது நடக்கும் என்று பழகிய நாய் தட்டைக் காக்கப் பல்லைக் காட்டாது.

உறுமலை ஒருபோதும் தண்டிக்காதீர்கள். ‘எனக்குப் பிடிக்கவில்லை, நிறுத்து’ என்று நாய் தெளிவாகச் சொல்லும் மொழி அது. அடித்து அடக்கினால் பிடிக்காமை அப்படியே இருக்கும், எச்சரிக்கை மட்டும் போய்விடும். ‘எந்த அறிகுறியும் இல்லாமல் கடித்தது’ என்று சொல்லப்படும் நாய்கள் பல இப்படி உருவானவை.

பதினாறு வாரத்துக்குள் உலகம்

மூன்றாவது வாரம் முதல் ஏறக்குறைய பதினான்கு, பதினாறாவது வாரம் வரை பார்த்ததை எல்லாம் ‘சாதாரணம்’ என்று குட்டியின் மனம் பதிந்துகொள்ளும். அதே காலத்தில்தான் தடுப்பூசி முடியாமல் இருக்கும், பார்வோ எனும் உயிர்கொல்லித் தொற்றுநோயின் பயமும் இருக்கும். அதற்காக வீட்டுக்குள் பூட்டிவைத்தால் காலம் திரும்பி வராது. தரையில் விடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். பேருந்து நிறுத்தம், பள்ளி விடும் நேரம், காய்கறிக் கடை, தூரத்தில் கோயில் மேளம். வீட்டுக்குள் குக்கர் விசில், மிக்சி, விரியும் குடை. மனிதர்களில் ஹெல்மெட் போட்டவர், மழைக்கோட்டு போட்டவர், கைத்தடி ஊன்றியவர், கூரியர் பையன், தாடிக்காரர். வாரத்துக்கு ஏழெட்டுப் புது அனுபவம் போதும்.

யாரும் குட்டியை நோக்கிக் குனிந்து வரக் கூடாது, குட்டிதான் அவர்களை நோக்கிப் போக வேண்டும். காது பின்னுக்கு ஒட்டி, வால் அடங்கி, உதட்டை நக்கிக்கொண்டே இருந்தால் பத்தடி விலகுங்கள். பயந்ததைத் திணித்தால் பயம்தான் பதியும்.

குழந்தைகளோடு எவ்வளவு பாசமாக இருந்தாலும், வளர்ந்தவர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் ஒரு நிமிடமும் தனியே விடாதீர்கள். குளியலறைக்குப் போனால் நாய் கூண்டுக்கு, அல்லது குழந்தை உங்களோடு.

உடம்பு

6-8 வாரத்தில் தொடங்கும் பார்வோ, டிஸ்டெம்பர் கூட்டுத் தடுப்பூசியை 3-4 வார இடைவெளியில் தொடர்ந்து, கடைசி ஊசி பதினாறு வாரம் நிறைந்த பிறகு விழும்படி மருத்துவரோடு அட்டவணை போடுங்கள். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி மறையும்வரை முந்தைய ஊசிகள் பிடிக்காமல் போகலாம் என்பதே காரணம். ரேபிஸ் ஊசி மூன்று மாதத்தில், அதற்குப் பின் மருத்துவர் சொல்லும் தேதிகளில் தவறாமல். குடற்புழு மருந்து மூன்று மாதம் வரை இரு வாரத்துக்கு ஒருமுறை, ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை. வாந்தியோடு ரத்தக் கழிச்சல் கண்டால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், பார்வோ ஓரிரு நாளில் கொன்றுவிடும். அக்கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். அதனால் முன்பு பார்வோவில் குட்டி இறந்த வீட்டில் ஊசி முடியாத குட்டியைக் கொண்டுவராதீர்கள்.

உண்ணிக் காய்ச்சல் நம் ஊரில் ஆண்டு முழுக்க உண்டு. சாப்பாட்டை வெறுத்து, ஈறு வெளிறி, சோர்ந்து படுத்தால் ரத்தப் பரிசோதனை தேவை. கண்ணைச் சுற்றியும் வாயோரமும் வட்டமாக முடி கொட்டினால் டெமோடெக்ஸ் சிரங்காக இருக்கலாம், இந்த இனத்தில் அடிக்கடி காணப்படுவது. வேப்பெண்ணெய் தடவிக் காலம் கடத்தாமல் தோலைச் சுரண்டிச் சோதிக்கச் சொல்லுங்கள்.

உணவு மூன்று மாதம் வரை நாளைக்கு நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று, பிறகு இரண்டு. வெறும் சோறும் கோழியும் போட்டு வளர்த்தால் சுண்ணாம்புச் சத்து குறைந்து கால் வளையும். குட்டிகளுக்கான முழு உணவு கொடுப்பவர் அதோடு கால்சியம் டானிக் சேர்க்கக் கூடாது. அதிகமானாலும் எலும்புக்குக் கேடு. விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாமல், விரலால் தடவினால் தட்டுப்படுவதே சரியான எடை. சாக்லேட், வெங்காயம், திராட்சை, உலர் திராட்சை, வேகவைத்த எலும்பு வேண்டாம். பாயசத்தில் கிடக்கும் திராட்சையையும் மறக்காதீர்கள்.

வெயில் காலத்தில் நடை காலை ஆறரைக்குள், மாலை ஏழுக்குப் பிறகு. புறங்கையைத் தார்ச்சாலையில் ஏழு வினாடி வைக்க முடியவில்லை என்றால் பாதமும் தாங்காது. பிட்புல் களைத்தாலும் நிறுத்தாது, நீங்கள்தான் நிறுத்த வேண்டும்.

தெருவில்

மார்பைச் சுற்றும் ஹார்னஸ், ஆறடிக் கயிறு. நீட்டிச் சுருங்கும் கயிறு இந்த இனத்துக்கு ஆகாது, பாய்ந்தால் பூட்டு நழுவும், விரலை அறுக்கும். கயிறு இறுகியதும் நின்றுவிடுங்கள். தளர்ந்ததும் நடங்கள். முதல் வாரம் நூறு மீட்டர் நடக்கவே கால் மணி நேரம் ஆகும், ஆகட்டும்.

நம் ஊரில் பெரிய சோதனை தெரு நாய்கள்தான். எந்த முனையில் எந்தக் கூட்டம் படுத்திருக்கிறது என்று குட்டி இல்லாமல் முதலில் நடந்து பார்த்து, அந்த முனைகளைத் தவிர்த்துப் பாதை வகுத்துக்கொள்ளுங்கள். கையில் ஒரு குடை இருக்கட்டும். கூட்டம் ஓடி வந்தால் ஓடாமல், குட்டியை உங்கள் முதுகுப் பக்கம் நிறுத்தி, அவற்றை நோக்கிக் குடையை விரியுங்கள். ஐந்து மாதத்தில் ஒருமுறை கடி வாங்கிய குட்டி, இரண்டு வயதில் எல்லா நாயையும் எதிரியாகப் பார்க்கக்கூடும்.

மசில் எனும் வாய்மூடியை நான்காவது மாதத்திலேயே பழக்குங்கள். துணியில் வாயை இறுக்கிக் கட்டும் வகை வேண்டாம். உள்ளே வாயைத் திறந்து மூச்சிரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் இடமுள்ள கூடை வகைதான் சரி. மூன்று நாள் கூடையின் உட்புறம் கெட்டித் தயிரைத் தடவி, குட்டி தானாக மூக்கை நுழைத்து நக்கட்டும். அடுத்த மூன்று நாள் நக்கும்போது வாரைக் கழுத்துக்குப் பின் தொட்டுவிட்டு எடுங்கள். பிறகு ஐந்து வினாடி பூட்டு, கழற்று. பிறகு அரை நிமிடம், இரண்டு நிமிடம், ஒரு குட்டி நடை. முன்காலால் பிறாண்டிக் கழற்றப் பார்த்தால் ஒரு படி பின்னால் போங்கள். மருத்துவமனையிலும் மின்தூக்கியிலும் இது உங்கள் நாய்க்கும் பாதுகாப்பு, அண்டை வீட்டாருக்கும் நிம்மதி.

எட்டு மாதத்துக்குப் பிறகு

எட்டாவது மாதத்திலிருந்து இரண்டு, மூன்று வயது வரை குணம் மாறலாம். நேற்றுவரை விளையாடிய நாயைக் கண்டு இன்று உடல் விறைத்து, வாய் மூடி, கண் அசையாமல் நிற்கும். வளர்ப்பில் தவறு என்று மனம் உடைய வேண்டாம், இந்த இனத்தில் எதிர்பார்க்க வேண்டியதுதான். அந்த விறைப்பைக் கண்டதும் பெயர் சொல்லி அழைத்து, திரும்பிப் பார்த்தால் கறி கொடுத்து, தூரத்தைக் கூட்டுங்கள். நாய்கள் கூடும் பூங்காவில் அவிழ்த்துவிடுவதை இந்த வயதோடு நிறுத்திவிடுங்கள். வெட்டவெளியில் பத்து மீட்டர் நீளக் கயிறு போதும். கருத்தடையை எந்த மாதத்தில் செய்வது என்று மருத்துவரிடம் முடிவு செய்யுங்கள், ஆனால் செய்துவிடுங்கள். தங்குமிடமின்றித் தவிக்கும் பிட்புல்கள் ஏற்கெனவே போதும்.

சண்டையும் கடியும்

இன்னொரு நாயைக் கவ்விவிட்டால் இழுக்காதீர்கள், சதை கிழியும். முகத்தருகே கையையும் கொண்டுபோகாதீர்கள். பின்னால் வந்து, இடுப்பை உங்கள் கால்களுக்கு நடுவே இறுக்கி, கழுத்துப்பட்டையைப் பின்பக்கமிருந்து பிடித்து மேலே உயர்த்தி அப்படியே வைத்திருங்கள். மூச்சுக்காகப் பிடி தளரும், தளர்ந்ததும் பின்னால் இழுங்கள். கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் நுழைத்துத் திருப்பும் பிடிவிடுப்புக் கட்டையை அனுபவமுள்ள பயிற்சியாளரிடம் நேரில் கற்றுக்கொண்டு நடையின்போது உடன் வைத்திருங்கள். மனிதரைக் கவ்விய நாயிடம் அதைப் பயன்படுத்தக் கூடாது, கையை நோக்கித் திரும்பிவிடும்.

மனிதரைக் கடித்துவிட்டால், சிறு பல் கீறலானாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவச் செய்து, நீங்களே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது. தடுப்பூசி அட்டையை மருத்துவரிடம் காட்டுங்கள். ஆனால் நாய்க்கு ஊசி போட்டாயிற்று என்று சொல்லிக் கடிபட்டவரின் சிகிச்சையைத் தடுக்காதீர்கள். நாயைப் பத்து நாள் தனியே வைத்துக் கண்காணிக்க வேண்டும். நாட்டின் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ம் பிரிவுப்படி, வளர்ப்பு விலங்கால் பிறருக்கு ஆபத்து நேராமல் காக்கத் தவறினால் 6 மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

எல்லா முயற்சிக்கும் பிறகும் வைத்துக்கொள்ள முடியாத நிலை சிலருக்கு வரும். அப்போது ஊரெல்லையில் இறக்கிவிட்டு வராதீர்கள். உங்கள் வாசனை தேடி அந்த நாய் அதே இடத்தில் நாள்கணக்கில் நிற்கும். பயிற்சியாளரிடமோ விலங்கு நலக் காப்பகத்திலோ பேசி ஆள் தேடுங்கள். வாங்கிக்கொள்பவரிடம் அது எந்த நாயைப் பார்த்து விறைக்கும், எதைத் தொட்டால் உறுமும், எந்தச் சொல்லுக்கு விடும் என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, தடுப்பூசி அட்டையோடும் அந்த முடிச்சுப் போட்ட துண்டோடும் சேர்த்துக் கொடுங்கள்.